மேரி என்றொரு சகோதரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு தேவ பிரசன்னம் வந்தது.

காலை பத்து மணிக்கு வருவதாக ஃப்ளெக்ஸில் போட்டிருந்தார்கள். சவுண்ட் செக் முடியாததால் பத்தே முக்காலுக்குத்தான் வந்தது.

சிரிக்காதீர்கள். திண்டுக்கல்லில் நாகல் நகரிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை எங்கே திரும்பினாலும் அந்த ஃப்ளெக்ஸ்தான். மேலே 'பிரசன்னப் பெருவிழா' என்று கொட்டை எழுத்தில். நடுவில் சென்னையிலிருந்து வரும் ஊழியரின், அதாவது பிரசங்கம் செய்பவரின், படம். கோட்டு, சூட்டு, ஒரு கையில் மைக், இன்னொரு கை வானத்தை நோக்கி. ஓரத்தில் எங்கள் பாஸ்டர், கொஞ்சம் சின்னதாக. ஆண்டவருடைய படம் இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் சபையைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் பூட்டுக் குடோனாக இருந்த கட்டடம். நல்ல மழை பெய்தால் சுவரிலிருந்து இப்போதும் மெஷின் எண்ணெய் வாசனை வரும். பாஸ்டர் முப்பது தாண்டாத பிள்ளை. தங்கமான பையன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மாநாட்டுக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் போனார்.

திரும்பி வந்ததும் மேடையில் நின்று சொன்னார். "அங்க பிரசன்னம் இருக்கு. நம்ம சபையில அது மிஸ்ஸிங்."

பிரசன்னம் என்றால் ஆண்டவர் கூடவே இருப்பது. அன்றைக்கு ஆரம்பித்தது தேடல். முதலில் பிரசன்னத்தை ஸ்பீக்கரில் தேடினார்கள். பழைய பெட்டிகள் போய், ஆள் உயரத்துக்குப் புதுப் பெட்டிகள் வந்தன. பிறகு சுவரில் தேடினார்கள். வெள்ளைச் சுவருக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். வெளிச்சம் இருந்தால் பிரசன்னத்துக்கு ஆகாதாம். 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்று சொன்னவரின் பிரசன்னம்தானே என்று நான் கேட்டேன். "அது அப்போ பிரதர்" என்றார் லைட் போடுகிற தம்பி.

கடைசியாகப் புகை மெஷின் வந்தது. முதல் வாரம் மேடையில் புகை கிளம்பியபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து ஓடிப்போய் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டார். அவரை யாரும் பாராட்டவில்லை. மகிமையின் மேகத்தை அணைத்தவர் என்று இன்றுவரை பெயர்.

பாட்டும் மாறியது. முன்பெல்லாம் ஒரு பாட்டுக்கு நாலு சரணம் இருக்கும். பாடினால் முடியும். இப்போது ஒரே ஒரு வரி. அதையே பாடிக்கொண்டிருப்போம். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு "இன்னொரு முறை" என்பார். நாம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரலாமா என்று பார்க்கும்போது, "இப்போ சகோதரிகள் மட்டும்" என்பார். அடுத்து "இசை இல்லாமல்". பிறகு "மறுபடியும் இசையோடு". கொத்து பரோட்டா போடுகிற மாஸ்டர்கூட இவ்வளவு முறை திருப்பிப் போட மாட்டார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு.

"பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள்!"

உங்கள் சபையிலும் இது இருக்கும். மேடையிலிருந்து ஒரு வாக்கியம் வரும். நாம் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்து அதை ஒப்பிக்க வேண்டும். என் பக்கத்தில் வழுக்கைத் தலையுடன் ஒருவர் பல வருடமாக உட்காருகிறார். "உன் அற்புதம் உன் வாசலில் நிற்கிறது" என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "நீ வாலாகாமல் தலையாவாய்" என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் எத்தனையோ முறை ஆசீர்வதித்தாயிற்று.

அவர் பெயர் என்ன? தெரியாது. அதைக் கேட்கச் சொல்லி மேடையிலிருந்து யாரும் சொல்லவில்லையே...

சரி, இவ்வளவு கிண்டல் பேசுகிறவன் பெருவிழாவுக்கு மட்டும் ஏன் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான்?

காரணம் என் மனைவி. ஆரோக்கியமேரி. நான் மேரி என்று கூப்பிடுவேன்.

அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. கொஞ்ச நாள் என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். சொன்ன அன்றைக்கே டாக்டரிடம் போனோம். ஊசி போட்டுத் துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை ரிசல்ட். பெருவிழா அதற்கு முந்தைய ஞாயிறு.

எனக்குப் பயம். அதை இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குப் பசிக்காது. எனக்குக் கிண்டல் வரும். அந்த நாட்களில் வீட்டில் நான் அடித்த ஜோக்குகளுக்கு அளவே கிடையாது. அவள் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

ஒருநாள் காலை காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க வேணும். யாராச்சும் என் தலைல கைய வச்சு, என் பேரச் சொல்லி, ஒரு ஜெபம் பண்ணணும். அம்புட்டுத்தான்."

"நான் பண்றனே மேரி."

"நீங்க பண்ணுனா நடுவுல ஏதாச்சும் நையாண்டி வரும். எனக்கே சிரிப்பு வந்துரும். வேணாம்."

நியாயமான பேச்சு. நான் காபியைக் குடித்தேன்.

முன்பெல்லாம் இது பெரிய விஷயமே இல்லை. ஆராதனை முடிந்ததும் ஜெபம் வேண்டியவர்கள் முன்னால் போய் நிற்பார்கள். பாஸ்டர் ஒவ்வொருவரிடமும் என்ன ஏது என்று கேட்டு, தலையில் கை வைத்து ஜெபிப்பார். நேரமாகும். பிள்ளைகள் பசிக்குது என்று அழும். ஆனாலும் யாரும் கிளம்ப மாட்டார்கள். யூடியூப் லைவ் வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று மூக்கைச் சிந்துவதை வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்க விரும்புவதில்லையாம். வியூஸ் சரிகிறதாம்.

அவள் பாஸ்டரிடம் போய்த் தயங்கித் தயங்கி, "ஒரு ஜெபம் வேணும் பாஸ்டர்" என்று கேட்டிருக்கிறாள். அவர் அடுத்த கூட்டத்துக்கு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார். "குரூப்ல போட்டுருங்கம்மா. டீம் பாத்துக்குவாங்க" என்றார்.

குரூப் என்றால் வாட்ஸ்அப் குரூப். கட்டி, மார்பு என்றெல்லாம் அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் எழுத அவளுக்குக் கூச்சம். 'செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வருகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் போட்டாள். போட்ட வேகத்தில் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கூடவே ஒரு சகோதரர், 'கவலை வேண்டாம் சிஸ்டர், பிள்ளை நல்ல மார்க் எடுக்கும்' என்று எழுதினார். அதற்குக் கீழே ஒருவர், 'எந்த குரூப் எடுக்கப் போறாங்க? பயாலஜியா?' என்று கேட்டார். அதற்குக் கீழே யாருக்கோ பிறந்தநாள் கேக்.

எங்கள் மகள் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். அவள் மார்க்கைப் பற்றிக் கவலைப்படுகிற காலமெல்லாம் போய்விட்டது.

மேரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அந்த வாரம்தான் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். நான் ஊழியரின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கண் கீழே சின்ன எழுத்தில் இருந்த வரிக்குப் போயிருக்கிறது. 'ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஜெபிக்கப்படும்.'

"போவோங்க" என்றாள். நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடோன் நிரம்பி வழிந்தது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று வேன் வேனாக வந்திறங்கினார்கள். வெளியே ஷாமியானா, அதற்குள் இன்னொரு டிவி. இடம் பிடித்து உட்கார்ந்தோம். பாட்டு ஆரம்பித்தது. இன்னொரு முறை. சகோதரிகள் மட்டும். இசை இல்லாமல். இசையோடு. புகை வந்தது. நீல விளக்கு வந்தது. கீபோர்டுக்காரர் ஒரே கட்டையை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்க, ஊழியர் மேடை ஏறினார்.

"பிரசன்னத்தை உணருகிறீர்களா? பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள், 'நான் உணருகிறேன்!'"

நான் வழுக்கைத் தலைக்காரரிடம் சொன்னேன். அவரும் என்னிடம் சொன்னார். இருவரும் உணர்ந்தது ஏசி வேலை செய்யவில்லை என்பதைத்தான்.

பேசினார், பேசினார்... நன்றாகத்தான் பேசினார். அவருக்குச் சாயங்காலம் மதுரையில் ஃப்ளைட் என்பதால் நடுநடுவே வாட்ச்சையும் பார்த்துக்கொண்டார். பிறகு திடீரென்று நின்றார். கண்ணை மூடினார். கீபோர்டு இன்னும் கொஞ்சம் சோகமானது.

"மேரி என்று ஒரு சகோதரி இங்கே இருக்கிறீர்கள்... உங்கள் சரீரத்தில் ஒரு வேதனை. யாரிடமும் சொல்ல முடியாமல் அழுதிருக்கிறீர்கள். கர்த்தர் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். மேரி, எங்கே இருந்தாலும் எழுந்து முன்னால் வாருங்கள்."

என் பக்கத்தில் மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டதே அதுதான். பேரச் சொல்லி. சென்னைக்காரரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கத் தயாராக இருந்தேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

அவளுக்கு முன்வரிசையிலும் ஒருவர் எழுந்தார்.

அதற்கு முன்வரிசையில் இரண்டு பேர். இடப்பக்கம் மூன்று பேர். பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஷாமியானாவிலிருந்துகூட வந்துகொண்டிருந்தார்கள்.

பாவம் அந்த மனிதர். சென்னையில் ஒரு கூட்டத்தில் மேரி என்று கூப்பிட்டால் ஒருவரோ இருவரோ எழுந்திருப்பார்கள். இது திண்டுக்கல். எங்கள் சபையில் பாதிப் பேர் ஆர்.சி. என்கிற கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வந்தபோது ஜெபமாலையை விட்டார்கள், சிலுவைக் குறி போடுவதை விட்டார்கள், சிலர் தோட்டைக்கூடக் கழற்றினார்கள். பெயரை மட்டும் யாரும் விடவில்லை. அற்புதமேரி, அமலமேரி, சகாயமேரி, ஸ்டெல்லாமேரி, ரெஜினாமேரி... எங்கள் ஊரில் கர்த்தர் மேரி என்று கூப்பிடுவதும், பழனி பாதயாத்திரைக் கூட்டத்தில் முருகா என்று கூப்பிடுவதும் ஒன்றுதான்.

மேடைக்கு முன்னால் ஒரு பஸ் கொள்ளுமளவுக்கு மேரிகள் நின்றார்கள். ஊழியர் கண்ணைத் திறந்தார். திறந்ததும் மறுபடி மூடிக்கொண்டார்.

"இதில்... திருமணமான மேரி ஒருவர்" என்றார்.

யாரும் நகரவில்லை.

"சரீரத்தில் வேதனை உள்ள மேரி மட்டும்."

நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்கிற கேள்வியா இது? போய் உட்காரலாமா என்றிருந்த ஒரு அம்மாகூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"கண்ணீரோடு வந்திருக்கிற மேரி..."

அதுவரை அழாதவர்களும் அழ ஆரம்பித்தார்கள்.

பாஸ்டர் ஓடிப்போய் ஊழியரின் காதில் ஏதோ சொன்னார். ஊழியர் வாட்ச்சைப் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக மைக்கை வாயருகே கொண்டுபோய், வலது கையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வீசினார். தோட்டத்துக்குப் பைப் வைத்துத் தண்ணீர் அடிக்கிற மாதிரி.

"எல்லா மேரிகளையும் ஆசீர்வதியும்! ஆமென்!"

அவ்வளவுதான். தனித்தனியாக ஜெபித்தாயிற்று. டிரம்ஸ் அடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள், ஊழியர் பக்கத்துக் கதவு வழியாகக் காருக்குப் போய்விட்டார். பாஸ்டர் காணிக்கையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் அறிவித்தார். பிரியாணிப் பொட்டலம் என்ற வார்த்தை மைக்கில் வந்ததும் கூட்டம் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த நாளில் எல்லோரும் ஒருமனமாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அங்கேதான் பிரசன்னம் இருந்ததோ என்னவோ.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேரியிடம் போனேன். மேடை விளக்கை அணைத்துவிட்டார்கள். புகை மெஷினை அணைக்க மறந்துவிட்டார்கள். அது பாட்டுக்குப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அந்த மேரிகள் அப்படியே நின்றார்கள். போகவும் மனமில்லை, நிற்கவும் காரணமில்லை. கூப்பிட்டவர் போய்விட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே இல்லை என்று தெரிந்தபின் விருந்தாளிகள் நிற்பார்களே, அப்படி.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஊழியரின் கார் கிளம்பியிருக்காவிட்டால் நான் ஏதாவது செய்திருப்பேன். என்ன செய்திருப்பேன்? ஒரு கட்டுரை எழுதியிருப்பேன், வேறென்ன.

"வா மேரி, போவோம்" என்றேன்.

மூன்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் வாயைத் திறந்தார். உயரமான பெண், கையில் மஞ்சப் பை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் ஜெயமேரி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க அக்கா, உங்களுக்கு என்னங்க?"

கவனியுங்கள். இரண்டு வருடமாகப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து என்னென்னவோ சொல்லச் சொன்னார்கள். கேட்கச் சொல்லவே இல்லை. இந்த அம்மாள் யாரும் சொல்லாமலே கேட்டார்.

மேரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். பேர் ஆரோக்கியமேரி என்றாள். கட்டி என்றாள். இடது பக்கம் என்றாள். செவ்வாய்க்கிழமை என்றாள். பயமா இருக்கு என்றாள். என்னிடம்கூட அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. நான் எங்கே சொல்லவிட்டேன், ஜோக் அடித்துக்கொண்டல்லவா இருந்தேன்.

ஜெயமேரி மஞ்சப் பையைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் மனைவியின் தலையில் வைத்தார்.

"ஆண்டவருங்க, இந்த அக்கா பேரும் மேரிதானுங்க. ஆரோக்கியமேரிங்க. செவ்வாக்கெழமை டெஸ்ட்டு வருதுங்க. அக்காளுக்குப் பயமா இருக்குதுங்களாமா. நீங்க கூடவே இருக்கோணுமுங்க. எங்கியும் போயிறக் கூடாதுங்க. ஆமெனுங்க."

கீபோர்டு இல்லை. பிரசன்னம், அபிஷேகம், மகிமை என்று ஒரு வார்த்தை இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம், கொஞ்சம் கடையைப் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஒரு ஜெபம். மேரி அப்போதுதான் அழுதாள். என் கண்ணும் கலங்கியது. நான் பழியைப் புகை மெஷின் மேல் போட்டேன்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு என்னம்மா?" என்று ஜெயமேரியைக் கேட்டாள். மகன் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் திருப்பூரில் இருக்கிறானாம். அவர் தலையில் இவள் கை வைத்தாள். அடுத்து பேகம்பூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் ஸ்டெல்லாமேரி. அவருக்குப் பல மாதமாகத் தூக்கமே இல்லையாம். வயதான சகாயமேரியிடம் கேட்டபோது, அவர் வெற்றிலைக் கறைப் பல்லோடு சிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லத்தா. பேரக் கூப்ட்டாக, வந்தேன். வந்ததுக்கு ஒங்களுக்கெல்லாம் நான் சொல்றேன், குனிங்க."

குனிந்தார்கள். இருந்ததிலேயே நீளமான ஜெபம் அவருடையதுதான்.

வாலன்டியர் தம்பி ஒருவர் வந்து, "சிஸ்டர், ஹால் க்ளீன் பண்ணணும், செத்த வெளிய போயிருங்க" என்றார். போனார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே மறுபடி கூடினார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

மேரிகளின் கணவர்களான நாங்கள் கைப்பைகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றோம். என் பக்கத்தில் வழுக்கைத் தலைக்காரர். அவர் கையிலும் ஒரு பை. ஸ்டெல்லாமேரியின் கணவராம்.

"சார், உங்க பேரு?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"ஜோசப் சார்."

பைபிளிலும் மேரியின் கணவர் பெயர் ஜோசப்தான். மேரிக்காகப் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறவர் வேறு யாராக இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன். "பிரியாணி ஆறிருச்சு சார்" என்றார் அவர். "ஆறட்டும் சார்" என்றேன். இரண்டு பேரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. எதற்குப் பயந்தோமோ, அதுதான்.

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் ஏன் காலி என்று கேட்டு எழுதியவர்களுக்கு இதுதான் பதில். ஆரம்ப நிலை, ஆபரேஷன் செய்துவிடலாம், பிறகு கொஞ்ச காலம் மருந்து என்றார் டாக்டர். திரும்பி வரும்போது, ஆட்டோ நாகல் நகர் திரும்பியதும் மேரி போனை எடுத்தாள். மகளைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

"ஜெயா... ஆமாம்மா, வந்துருச்சு. அதுதானாம்" என்றாள்.

இதற்கிடையில் சபையின் யூடியூப் சேனலில் பெருவிழா வீடியோ ஏறியிருந்தது. முகப்பில் என் மனைவி கண்ணை மூடி நிற்கும் படம். சுற்றிச் சிவப்பு வட்டம். 'மேரியின் கண்ணீர்... நடந்தது என்ன? கடைசி வரை பாருங்கள்!' நான் கடைசி வரை பார்த்தேன். ஊழியர் கையை வீசியதோடு முடிந்துவிட்டது. நடந்தது எதுவும் அதில் இல்லை. அது நடந்தபோது கேமராமேன் பிரியாணி வரிசையில் இருந்தார்.

பாஸ்டர் போன் செய்தார். "ஐயா, அன்னைக்கு அம்மா முன்னால வந்தாங்கள்ல. இந்த வாரம் ஒரு சாட்சி சொன்னாங்கன்னா நல்லாருக்கும். சுகமாயிருச்சுன்னு..."

"கேன்சர்னு வந்துருக்கு தம்பி. புதன்கிழமை மதுரையில ஆபரேஷன்" என்றேன்.

"குரூப்ல போட்டாங்களே ஐயா... அது இதுதானா?" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவர் மேலிருந்த கோபம் அந்த ஒரு கேள்வியில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை இந்தப் பத்திக்காக வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை. அவளை உள்ளே கொண்டுபோன பிறகு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இரும்பு நாற்காலியில் மகளும் நானும் உட்கார்ந்திருந்தோம். என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. கும்பிடலாம் என்று பார்த்தால் ஜெபமும் வரவில்லை. 'எங்கியும் போயிறக் கூடாதுங்க' என்ற அந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று நானும் ஒரே வரியைத்தான் பாடிக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் திறந்தது. முதலில் மஞ்சப் பை வந்தது. அதற்குப் பின்னால் ஜெயமேரி. ஸ்டெல்லாமேரி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், கூடவே ஜோசப், பையோடு. சகாயமேரி, ரெஜினாமேரி, பெயர் நினைவில்லாத இன்னும் சில மேரிகள். ஃப்ளாஸ்க், இட்லி, புளிச்சோறு, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு ஒரு தூக்கு. "சாப்ட்டீங்களாங்கண்ணா?" என்று கேட்டார் ஜெயமேரி. நான் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை, தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

பாஸ்டரும் வந்தார். பைக்கில் திண்டுக்கல்லிலிருந்தே வந்திருக்கிறார், முகமெல்லாம் புழுதி. மைக் இல்லாமல் அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஜெபிக்க ஆரம்பித்தபோது பழக்க தோஷத்தில், "பக்கத்துல இருக்கவங்க கையப் பிடிச்சுக்கோங்க" என்றார்.

ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கை மட்டும் மீதி இருந்தது. அதை அவரே பிடித்துக்கொண்டார். என்னுடைய கை.

பிறகு காத்திருந்தோம். கதவு திறந்து நர்ஸ் ஒருவர் தலையை நீட்டினார்.

"மேரிக்கு யாரு?"

எல்லோரும் எழுந்தார்கள். மொத்த வரிசையும்.

நர்ஸ் ஒரு நிமிடம் மலைத்துப்போனார். "ஆரோக்கியமேரி பேஷன்ட்டோட ஆளுங்க மட்டும் நில்லுங்க. மத்தவங்க உக்காருங்க."

ஒருவரும் உட்காரவில்லை.

"இம்புட்டுப் பேரா? நீங்கள்லாம் அவுங்களுக்கு என்ன வேணும்?"

ஜெயமேரிதான் பதில் சொன்னார். "நாங்களும் மேரிதானுங்க."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண் விழித்ததும் ஒவ்வொருவராக வந்து பார்க்கலாம் என்றார். ஆமாம். தனித்தனியாக.

மேரி இப்போது வீட்டில் இருக்கிறாள். மருந்து இன்னும் நிறைய பாக்கி. பயமும் கொஞ்சம் பாக்கி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் இரண்டு மேரிகள் உட்கார்ந்து அவளோடு ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

அன்றைக்கு மதுரையில் பிரசன்னம் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்காதீர்கள். ஃப்ளெக்ஸ் எதுவும் வைக்கவில்லை.